தட்டுக்காரிக்காக ஒரு மீசை

மீசையைப் பந்தயம் வைத்து நான் பார்த்த ஒரே சினிமா ஒரு கொரியா நாட்டுப் படம்தான். சொன்னால் இன்றும் யாரும் நம்புவதில்லை. நம்பாதவர்களோடு நான் மல்லுக்கு நிற்பேன், அது என் சுபாவம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அபுதாபியிலிருந்து மேற்கே, பஸ்ஸில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தாலும் வந்து சேராத தூரத்தில் ஒரு கொரியா கம்பெனியின் சைட். குழாய் பதிக்கும் வேலை. கேம்ப்பில் கொரியாக்காரர்களுக்கு ஒரு மெஸ், நம்மவர்களுக்கு ஒரு மெஸ். நான் கொரியா மெஸ்ஸில் ஹெல்பர். முட்டைக்கோஸை வெட்டி, உப்புப் போட்டு, மிளகாய்த் தூளும் பூண்டும் அப்பி ஊறவைக்க வேண்டும். கை எரிச்சல் படுக்கைவரை வரும். அந்த எரிச்சலை யார்மீதாவது காட்டிவிடுவேன். ஆனால் வெள்ளிக்கிழமை என்றால் நான் வேறு ஆள். அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மெஸ்ஸில் வீடியோ போடுவார்கள்.

லீவுக்குப் போய்த் திரும்பும் கொரியாக்காரர்கள் பெட்டி நிறைய மிளகாய்த் தூளும் கேசட்டுகளும் கொண்டு வருவார்கள். ஸ்டோர் கீப்பராக இருந்த கொரியாக்காரர்தான் படம் போடுவது. பாவம், தங்கமான மனிதர். எங்களையும் பின்பெஞ்சில் உட்கார விடுவார். பாஷை புரியாதே என்று கேட்காதீர்கள். திண்டுக்கல்லில் தரை டிக்கெட்டில் இங்கிலீஷ் படம் பார்த்து, இடைவேளையில் அதன் கதையைப் பக்கத்தில் இருப்பவனுக்கு விளக்கியவன் நான்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை அவளைப் பார்த்தேன். ஹோட்டல் காட்சி. கதாநாயகன் எவளோடோ சண்டை போடுகிறான். பின்னால் பரிமாறும் பெண் ஒருத்தி தட்டைக் கீழே போட்டுவிடுகிறாள். அவ்வளவுதான் அவள் வேஷம். ஆனால் தட்டு விழுந்ததும் அவள் தட்டைப் பார்க்கவில்லை. முதலாளி இருக்கும் பக்கம் பார்த்தாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சமையல்கட்டில் ஒரு பாத்திரம் விழுந்தால் நானும் முதலில் சமையல்காரரின் முகத்தைத்தான் பார்ப்பேன். இதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது!

“இந்தப் பொண்ணு ஹீரோயினா வரும்ணே. எழுதி வச்சுக்கங்க” என்றேன்.

பக்கத்தில் இருந்தவர் புதுக்கோட்டைப் பக்கத்து ரிக்கர். கிரேனில் கம்பி கட்டித் தூக்குகிற வேலை. எங்கள் ரூமில் மூத்தவர். கேம்ப்பிலேயே பெரிய மீசை அவருடையது.

“தட்டைப் போட்டவளாடா? படத்துக்கு நூறு பேரு இப்பிடித் தட்டப் போடுவாளுக” என்றார்.

“இவ வருவா.”

“எப்ப வருவா? நான் செத்ததுக்கப்புறமா?”

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “நான் லீவுக்குப் போறதுக்குள்ள வருவாண்ணே. வரலேன்னா மீசைய எடுத்துடறேன்.”

பெஞ்சே திரும்பிப் பார்த்தது. அவரும் விடவில்லை. “வந்துட்டா நான் எடுத்துடறேன்டா. போதுமா?”

வாய் விட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. லீவில் போகும்போது எனக்குப் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. மீசையோடு எடுத்த போட்டோ அதற்குள் பெண் வீட்டுக்குப் போயிருந்தது.

ஸ்டோர் கீப்பரிடம் அவள் பெயரைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே படத்தின் தொடக்கத்துக்கு ஓட்டி, டைட்டிலில் கடைசியாக ஈசல் மாதிரி மொய்த்துக் கிடந்த பெயர்களில் ஒன்றை விரலால் காட்டினார். வாயால் சொன்ன பெயர் என் நாக்கில் நிற்கவில்லை. வடிவத்தைப் பிடித்துக்கொண்டேன். முதல் எழுத்தில் ஒரு வட்டம், நடு எழுத்து முக்காலி, கடைசி எழுத்துக்கு அடியில் ஒரு பெட்டி. எங்கள் பெஞ்சுக்கு அவள் தட்டுக்காரி.

பிறகு வந்த ஒவ்வொரு கேசட்டிலும் டைட்டில் ஓடும்போது நான் மூச்சு விடமாட்டேன். பல வாரம் அவள் வரவே இல்லை. ஒருநாள் தையல் கம்பெனிப் பெண்களில் ஒருத்தியாக வந்தாள். பெயர் இன்னும் கூட்டத்தில்தான், ஆனால் கூட்டம் குறைந்திருந்தது. அடுத்த முறை கதாநாயகனின் தங்கை. அண்ணனையே ஓங்கி அறைந்தாள்! கொரியாக்காரர்கள் முன்வரிசையில் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருக்க, நாங்கள் பின்னால் எழுந்து நின்று விசில் அடித்தோம். அந்தப் படத்தில் அவள் பெயரோடு இன்னும் இரண்டு பெயர்தான். எனக்குச் சம்பளம் கூடியதுபோல் இருந்தது. ரூமுக்குப் போகும் வழியெல்லாம் ரிக்கர் அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டே வந்தார்.

“தங்கச்சி வேற, ஹீரோயினி வேறடா” என்றார். குரலில் பழைய தெம்பு இல்லை.

அதற்கப்புறம் மாதக்கணக்கில் ஒன்றும் இல்லை. என் டிக்கெட் வந்துவிட்டது. சனிக்கிழமை பிளைட். முந்தின நாள் வெள்ளிக்கிழமை கடைசிப் படம். லீவு முடிந்து அந்த வாரம்தான் திரும்பியிருந்தார் ஸ்டோர் கீப்பர். என்னைப் பார்த்து, “குட் பிலிம், பாய்! வெரி குட் பிலிம்!” என்று கண்ணடித்தார். எதையும் சொல்லாமல் கேசட்டைச் சொருகினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் சமையல்காரர், பார்லித் தண்ணீர் கெட்டிலை எடுத்து வரச்சொல்லிக் கத்தினார். நான் ஒரு கணக்குப் போட்டேன். முதலில் வருவது பெரிய தலைகளின் பெயர்கள். தட்டுக்காரி வர நேரம் இருக்கிறது. ஓடிப்போய்க் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன். சரியாகக் கூட்டப் பெயர்கள் வந்துகொண்டிருந்தன. கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தேன். வட்டம் இருந்தால் முக்காலி இல்லை. முக்காலி இருந்தால் பெட்டி இல்லை. டைட்டில் முடிந்தது. அவள் இல்லை.

படத்திலோ கதாநாயகன் சின்னப் பையனாக மாடு மேய்த்துக்கொண்டிருந்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எழுந்துவிட்டேன்.

“எங்கடா போற?”

“மீசைய எடுக்க.”

“படம் முடியட்டும்டா, கிறுக்கா.”

“பேரே இல்லண்ணே. இனிமே எங்க வரப்போறா? கலாஸ், முடிஞ்சு போச்சு!”

ரிக்கர் அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டு வந்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன் என்ற வீறாப்பு வேறு. சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்த குளியலறையில் சோப்பு நுரையைப் போட்டு, ரேசரை எடுத்து ஒரே இழுப்பு. வலதுபக்க மீசை வாஷ்பேசினில் கிடந்தது. கண்ணாடியில் பார்த்தேன். அழுகை வந்தது, பொய் சொல்லவில்லை.

அப்போதுதான் மெஸ்ஸிலிருந்து அந்தச் சத்தம். விசில், பெஞ்சைத் தட்டும் சத்தம், அதற்கும் மேலே ரிக்கர் அண்ணனின் குரல்: “டேய்! டேய்! வந்துட்டாடா!”

நுரையோடு ஓடினேன். திரை முழுக்க அவள் முகம். மழையில் நனைந்துகொண்டு நிற்கிறாள். கதாநாயகன் அவளைப் பார்த்தபடி அசையாமல் நிற்கிறான். தங்கச்சி இல்லை, தோழி இல்லை. கதாநாயகி! என் தட்டுக்காரி!

ஸ்டோர் கீப்பர் என் பாதி மீசையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். “வேர் யூ கோ? வேர் யூ கோ, பாய்?” என்று கேட்டபடி எல்லோர் முன்னாலும் படத்தை நிறுத்தி, தொடக்கத்துக்கே ஓட்டினார். ஒரு கொரியாக்காரரும் மறுப்புச் சொல்லவில்லை. கறுப்புத் திரையில் இரண்டாவதாக வந்தது அந்தப் பெயர். பக்கத்தில் யாரும் இல்லாமல், தனியாக, என் உள்ளங்கை அகலத்துக்கு. வட்டம், முக்காலி, பெட்டி. நான் குதித்த குதியில் கெட்டில் கவிழ்ந்துவிட்டது. யாரும் திட்டவில்லை. முன்வரிசைக் கொரியாக்காரர்களும் கை தட்டினார்கள், அவளுக்கா எனக்கா என்று தெரியாது.

ரிக்கர் அண்ணன் நேர்மையான மனிதர். படம் முடிந்ததும் அவரே வந்து ரேசரைக் கேட்டார். ஒரே கண்ணாடி முன்னால் நின்று, ஜெயித்தவன் மிச்சப் பாதியையும், தோற்றவர் முழுசையும் எடுத்தோம். அவர் முகம் சின்னதாகிவிட்டது. ஒருவரையொருவர் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அடுத்த வாரம் பெண் பார்க்கப் போனேன். அவர்கள் வீட்டில் போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பெண்ணோடு பேச ஐந்து நிமிடம் விட்டார்கள். அவளுக்கு வேறு கேள்வியே இல்லை. “மீசை எங்க?” என்றாள். எனக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. தட்டு விழுந்ததிலிருந்து கெட்டில் கவிழ்ந்ததுவரை கையை ஆட்டி ஆட்டி முழுக்கதையும் சொன்னேன். அவள் சிரிக்காமல் கேட்டாள்.

“அவ மேல வருவான்னு பந்தயம் கட்டுனது நீங்கதான?”

“ஆமா.”

“அப்புறம் ஏன் கீழயே தேடுனீங்க?”

அத்தனை பேர் இருந்த கேம்ப்பில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி. நேராகக் கூடத்துக்கு வந்து, எல்லோர் முன்னாலும் எனக்குச் சம்மதம் என்று சொல்லிவிட்டேன்.