இடுப்புக் குடமும் இரண்டாவது முழங்கையும்

மதுரையிலிருந்து சனிக்கிழமைதோறும் ராஜபாளையத்துக்கு வரும் எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. தளவாய்புரம் செண்பகத்தக்காவின் வலது முழங்கையில் அவர் வைத்த செயற்கை மூட்டு இரண்டு வருடத்துக்குள் ஆட்டம் கண்டிருந்தது. எலும்புக்கும் மூட்டை ஒட்டவைத்த சிமென்ட்டுக்கும் நடுவே கறுப்புக் கோடு.

"இதைக் கழற்றிட்டு அப்படியே விட்டுடலாம். இனிமே இந்த ஊர்ல நான் எல்போ ஆபரேஷன் பண்றதா இல்லை" என்றார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் அந்த ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். ஊரில் பாதிப் பேருக்கு 'மசாஜ் போடுற பொண்ணு'. மூட்டைக் கழற்றிவிட்டால் கை தொளதொளவென்று தொங்கும் என்பது எனக்குத் தெரியும். செண்பகத்தக்கா நைட்டி தைத்துப் பிழைப்பவர். முடக்குவாதம் மூட்டை அரித்து, சோற்றுக் கையை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் கிடந்தவர், இந்த இம்ப்ளாண்ட் வந்த பிறகுதான் மறுபடி மெஷினில் உட்கார்ந்தார். அந்தக் கையை நான்தான் மடக்கி நீட்டிப் பழக்கியிருந்தேன். அதைச் சும்மா விட்டுக்கொடுக்க எனக்கு மனசே இல்லை.

இம்ப்ளாண்ட் கெட்டுப்போகக் காரணங்கள் உண்டு. கிருமி சேரலாம், சிமென்ட் சரியாகப் பிடிக்காமல் போகலாம், நடுவில் உள்ள பிளாஸ்டிக் தேயலாம், பாரம் ஏறலாம். ரத்தத்தையும் மூட்டு நீரையும் சோதித்தார்கள், கிருமி இல்லை. ஆபரேஷன் முடிந்ததும் எடுத்த பழைய படத்தில் சிமென்ட் கச்சிதமாக இருந்தது. பிளாஸ்டிக் தேய இரண்டு வருடம் போதாது. வெயிட் ஏதாவது தூக்கினீர்களா என்று டாக்டர் கேட்டதற்கு, ஆண்டாள் மேல் சத்தியம் செய்து இல்லை என்றார் அக்கா. பொய் சொல்கிற முகமும் இல்லை.

சோதனைக்காக அக்காவைச் சேர்த்திருந்த வார்டில் மறுநாள், அவர் தங்கை அடிபம்புக்குப் போக வெறும் பிளாஸ்டிக் குடத்தை எடுத்து வைத்தாள். பழக்கதோஷம், அக்கா அதைச் சட்டென்று தன் வலது இடுப்பில் ஏற்றினார். வலது கை தானாகவே குடத்தின் கழுத்தை வளைத்துக்கொண்டது. வீட்டிலும் இப்படித்தானா என்று கேட்டேன். ஆமாம், தினமும் என்றார்.

"வெயிட் தூக்கலன்னு சொன்னீங்களேக்கா?"

"நான் எங்க டாக்டரம்மா தூக்குனேன்? குடம் இடுப்புலல்லா இருக்கு. கை சும்மா புடிச்சிக்கிட்டுதான வருது."

குடத்தை நிரப்பி வார்டு தராசில் வைத்தேன். பதினாலு கிலோ. அத்தனையும் மடங்கிய முழங்கையைப் பக்கவாட்டில் திருகி இழுத்திருக்கிறது. அடுத்த சனிக்கிழமை டாக்டர் முன்னால் அந்தக் குடத்தையே என் இடுப்பில் ஏற்றிக் காட்டினேன். குனிந்து என் முழங்கையையே பார்த்தார். பிறகு, மறுபடி வைக்கிறேன், ஆனால் இந்த அம்மா இனி குடத்தைத் தொடக் கூடாது, அதற்கு நீதான் பொறுப்பு என்றார்.

பஞ்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்த அக்காவின் கணவரை உட்கார வைத்துப் பேசினேன். மனுஷர் நெளிந்தார்.

"ஆம்பள குடத்தத் தூக்கிட்டுப் போனா தெருவுல எம்புட்டுப் பேரு சிரிப்பான்?"

"சிரிக்கிறவன் வந்து உங்க சம்சாரத்துக்கு நைட்டி தைச்சுக் கொடுப்பானா?"

 அக்காவும் அவரை ஒரு பார்வை பார்த்தார். அதற்கு மேல் நான் பேச வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது மூட்டு வைத்தார்கள். கணவர் சைக்கிளின் இரண்டு பக்கமும் கொக்கி மாட்டிக் குடங்களைத் தொங்கவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார். முதல் வாரம் தெரு சிரித்ததாம். பிறகு பக்கத்து வீட்டுக்காரரும் கொக்கி மாட்டினாராம். ஐந்து வருடம் கழித்து எடுத்த படத்தில் கறுப்புக் கோடு துளிகூட இல்லை. எக்ஸ்ரே அறையில் நான் கைதட்டியே விட்டேன், வெட்கமே படவில்லை. அக்கா அந்தக் கையாலேயே என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்.

உள்ளே வைத்த மூட்டு நிலைப்பது வீட்டில் இருப்பவர்கள் கையிலும் இருக்கிறது என்று அன்று கற்றுக்கொண்டேன். எல்போவே வேண்டாம் என்ற டாக்டரும் மறுபடி செய்யத் தொடங்கினார். ஆனால் ஆபரேஷனுக்குத் தேதி கொடுப்பதற்கு முன்னால், நோயாளியின் வீட்டுக்காரரை முதலில் என்னிடம் அனுப்பிவிடுவார்.