காக்கி நூலில் ஒரு முடிச்சு

காலை பதினொன்று நாற்பதுக்கு அந்தப் போன் வந்தது. ஏனாத்தூரில் நான் வேலை செய்யும் கல்லூரி அலுவலகத்தில், மாற்றுச் சான்றிதழ் கேட்டு மாணவர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். எல்லையில் ராணுவப் பணியில் இருக்கும் என் மகன் பேசினான். "சாப்டியாப்பா? அம்மா தறியில இருக்குதா?" என்றான். நான் பதில் சொல்வதற்குள் பின்னால் யாரோ இந்தியில் கத்துவது கேட்டது. "இருப்பா, ஒரு நிமிஷம்" என்றான். அவ்வளவுதான். திரும்பக் கூப்பிட்டபோது போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

மதியச் செய்தியில் எல்லையில் பதற்றம் என்றார்கள். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி தறியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"கட்டானது போனுதானே? அதுக்கு ஏன் மூஞ்சிய இப்பிடி வெச்சிக்கினு வந்து நிக்கிறீங்க?"

என் பயத்துக்கு வயது அதிகம். அது என் தாத்தா காலத்திலிருந்து வருகிறது.

தாத்தாவும் அவருடைய அண்ணனும் ஒரே தறியில் சேர்ந்து உட்கார்ந்து நெய்தவர்கள். இரண்டாம் உலகப் போரில் தாத்தா பட்டாளத்தில் சேர்ந்து பர்மாப் பக்கம் போனார். அவருக்கு எழுதத் தெரியாது. அண்ணனுக்குப் படிக்கத் தெரியாது. முகாமில் யாரோ எழுதுவார்கள், இங்கே தெருவில் யாரோ படிப்பார்கள். தான் உயிரோடு இருப்பது அண்ணனுக்கு நிச்சயமாகத் தெரிய, தாத்தா ஒரு வழி கண்டுபிடித்தார். சட்டை ஓரத்திலிருந்து ஒரு சாண் காக்கி நூல் உருவி, அதை நடுவில் அறுத்து, தறியில் அறுந்த இழையைச் சேர்ப்பது போலவே முடிச்சுப் போட்டு, கடிதத்துக்குள் வைத்து அனுப்பினார். நெசவாளர் எல்லாரும் போடுகிற அதே முடிச்சுதான். ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து வருடக்கணக்காக நெய்தவனுக்கு, எது யார் கை என்று தெரியும். தாத்தா வலப்பக்கம் சுற்றுவார், நுனியைப் பல்லால் கடித்து எடுப்பார். கடிதத்தை யாரும் படித்துக் காட்டும் முன்பே அண்ணன் நூலைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லாக்கிறான்" என்று சொல்லித் தறிக்குப் போய்விடுவாராம்.

ஒருமுறை வந்த நூலில் முடிச்சு இடப்பக்கம் சுற்றியிருந்தது. நுனி கத்தரியால் வெட்டியது போல் இருந்தது. கடிதம் படித்தவர், "நல்லா இருக்கேன்னு தெளிவா எழுதிக்கிது" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "எழுதறவன் எவன் வேணா எழுதுவான். முடிச்சு அவன் கையில்ல. அவன் போயிட்டான், நம்ம மனசு நோவக்கூடாதுன்னு கூட இருக்கறவன் எவனோ போட்டு அனுப்பறான்" என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டார். சர்வதீர்த்தக் குளத்தில் முழுகி, மொட்டையடித்து, செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார்.

சில மாதம் கழித்து, வலது கையில் இரண்டு விரல் இல்லாமல் தாத்தா வாசலில் வந்து நின்றார். அண்ணன் தலையில் முடி பாதிதான் வளர்ந்திருந்தது.

"யாருக்குண்ணா மொட்ட?"

"உனுக்குத்தான்."

எங்கள் வீட்டில் எந்த விசேஷமானாலும் இந்தக் கதை வரும், எல்லாரும் சிரிப்பார்கள். தாத்தா மட்டும் கதையின் மிச்சத்தைச் சொல்லாமல் விடமாட்டார் என்பார் என் அப்பா. ஆஸ்பத்திரியில் கைக்குக் கட்டுப் போட்டிருந்தபோது, இடது கையால் முடிச்சுப் போட முடியாமல் தாத்தா திணறியிருக்கிறார். ஒரு நர்ஸம்மா வந்து, ஏன் என்றுகூடக் கேட்காமல், நூலின் மறு நுனியை விரலில் பிடித்துக்கொண்டு நின்றாராம். தாத்தா முடிக்கும்வரை நின்று, கத்தரி எடுத்து வந்து நுனியையும் வெட்டிக் கொடுத்தாராம். அந்த அம்மாவின் பெயரைத் தாத்தா கேட்டு வைக்கவில்லை. அதற்குப் பிறகு, பழைய இழைகளோடு புதுப் பாவு நூலைப் பிணைத்துத் தறியில் ஏற்றும்போதெல்லாம், முதல் முடிச்சை இடது கையால் போட்டு, ஒரு நொடி கண்ணை மூடிவிட்டுத்தான் மற்ற இழைகளைத் தொடுவார். என் மனைவி மருமகளாக வந்த பிறகு அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு இன்றும் செய்கிறாள்.

என் அப்பா அவர் காலத்துப் போரில் ராணுவ லாரி ஓட்டினார். அவரும் கடிதத்தில் நூல் வைத்தார். நான் எங்கும் போகவில்லை. போனவர்களுக்கும் போகிறவனுக்கும் நடுவில், காத்திருப்பது மட்டும் என் பங்குக்கு வந்தது. அதையும் நான் சரியாகச் செய்யவில்லை.

மகன் கிளம்பியபோது மனைவி அவன் பெட்டியில் ஒரு காக்கி நூல்கண்டு வைத்தாள். "போன் இருக்குதேம்மா. இத வெச்சிக்கினு நான் இன்னா பண்ணட்டும், பட்டன் தெக்கிறதா?" என்று சிரித்தான். ஆனால் எடுத்து வெளியே வைக்கவில்லை.

போன் அறுந்த மூன்றாம் நாள், தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. "நலமாக உள்ளேன். கவலைப்பட வேண்டாம்." என் மகன் அப்படி எழுத மாட்டான். "ப்பா" என்று தொடங்காமல் அவன் ஒரு வரிகூட அனுப்பியதில்லை. அந்த எண்ணைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வேறு யாரோ அடித்தது என்று அப்போதே எனக்கு நிச்சயமாகிவிட்டது. பெரிய தாத்தாவின் கதையைச் சிரித்துச் சிரித்து எத்தனையோ பேருக்குச் சொன்னவன் நான். அன்றைக்கு அது ஒன்றும் உதவவில்லை. மனைவியிடம் காட்டாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் அவளே என் போனை எடுத்துப் பார்த்தாள்.

"அவன் பாஷையே இல்ல இது" என்றேன்.

"இருக்கட்டும். நீங்க ஒண்ணும் போய் மொட்ட போட்டுக்கினு வந்துடாதீங்க."

ஆனால் அன்று மாலை, அறுந்த ஒரே இழைக்கு அவள் நான்கு முறை முடிச்சுப் போட்டதைப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் முடிச்சு நழுவியது.

அந்த நாட்களில் எங்களைச் சுமந்தவர்களை நான் மறக்கக்கூடாது. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மா தினமும் காலையில் இட்லி கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் போவார். நாள் முழுக்கச் செய்தி ஓடும் எதிர்வீட்டு டிவியில் சத்தமே வெளியே வரவில்லை. எங்களுக்காகத்தான் குறைத்து வைத்திருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அலுவலகத்தில் என் மேசைக் கோப்புகளை யாரோ முடித்து வைத்திருந்தார்கள். யார் என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் மதியம் மூன்று மணி இருக்கும். முதுகில் பெரிய பையோடு ஓர் இளைஞன் வாசலில் நின்றான். ராணுவத்தில் வெட்டுவது போல் ஒட்ட வெட்டிய முடி. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்க பையன்கூடத்தான் இருக்கேன்பா. ஊரு வாலாஜாபாத். லீவுல வந்தேன், எங்க வீட்டுக்குக்கூட இன்னும் போவல. அவன் நல்லாக்கிறான். போனெல்லாம் வாங்கி வெச்சிட்டாங்க. என்னை மட்டும் மலையிலேர்ந்து கீழ அனுப்பினாங்க, அப்போ நான்தான் நம்ம தமிழ்ப் பசங்க வீட்டுக்கெல்லாம் ஒரு கடைக்காரர் போன்லேர்ந்து ஒரே மெசேஜ அடிச்சு அனுப்பினேன். வந்துச்சா?"

"வந்திச்சி" என்றாள் மனைவி. என்னைப் பார்க்கவில்லை.

அவன் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தான். நான் கை நீட்டினேன். அவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, அதை மனைவியிடம் கொடுத்தான். உள்ளே ஒரு சாண் காக்கி நூல். அவள் அதை வெளிச்சத்தில் பிடித்தாள். நான் எட்டிப் பார்த்தேன். முடிச்சு இடப்பக்கம் சுற்றியிருந்தது.

அவள் கட்டை விரலால் ஒருமுறை தடவினாள். முகம் மெல்ல மலர்ந்தது.

"அவன்தான்."

"இடப்பக்கம் இருக்குதே?"

"பாவு பிணைக்கும்போது எனக்கு எதிர்ல உக்காந்துதானே கத்துக்கினான். நான் வலப்பக்கம் சுத்துனா அவனுக்கு அது இடப்பக்கம். ஆறு வயசுலேர்ந்து அப்பிடித்தான் போடறான். நீங்க என்னிக்குப் பாத்தீங்க?"

நான் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன். மனைவி கொண்டுவந்த தண்ணீரை அந்தப் பையன் ஒரே மூச்சில் குடித்தான். சொம்பைத் திருப்பித் தரும்போது, அந்தத் தாளை ஏன் என் கையில் கொடுக்கவில்லை என்று கேட்டேன். அவன் கொஞ்சம் கூச்சத்தோடு என்னைப் பார்த்தான்.

"அவன்தான்பா சொல்லி அனுப்பினான். அப்பா கையில குடுக்காத, அவரு பாத்தா பயந்துருவாரு. அம்மா கையில குடுன்னான்."