ஓநாய் கொன்றவரின் பேரன்

பலெர்மோ நகரின் கால்சாப் பகுதியில் நான் வேலைபார்த்த அமெரிக்கக் கிழவரின் வீட்டில், குதிரைமேல் மீசைக்காரர் ஒருவர் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கும் படம் தொங்கியது. அவர் கிழவரின் தாத்தா. நான் அந்தக் கண்ணாடியைத் துடைக்கத் துடைக்க, கிழவர் கதை சொல்லுவார். பதினாறு வயதில் இதே பலெர்மோவிலிருந்து எலுமிச்சம்பழக் கப்பலில் ஏறியவர், அமெரிக்காவின் மேற்கே போய்க் காட்டுக்குதிரை பிடித்தாராம். பனியில் தனியாக நின்று ஓநாய் கொன்றாராம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஓநாய் ஒன்றுதான். மூன்றாம் வருடம் ஐந்தாகிவிட்டது. ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குகிற மனிதர். தாத்தா திரிந்த பாலைவனமெல்லாம் தான் இளவயதில் காரில் சுற்றிவந்ததையும் சொல்லுவார். எந்தக் கதையும், "என் தாத்தாவிடம் ஒருவனும் கடதாசி கேட்கவில்லை" என்றுதான் முடியும். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வெயிலில் வரிசை நின்றுவிட்டு வரும் எனக்கு, அதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும்.

அந்தத் தாத்தாவைக் காட்டி இத்தாலியக் குடியுரிமை எடுப்பதுதான் அவருடைய ஆசை. மொழி தெரியாததால் என் மகளைக் கூட்டிவரச் சொன்னார். அவளுக்கு அப்போது பதினேழு வயது. இங்கே பிறந்தவள், சந்தைக்காரர் போலவே சிசிலிப் பேச்சுப் பேசுவாள். பங்குச் சாமியாரிடம் கேட்டு, நான்கு சனிக்கிழமைகள் கோயில் அறையில் இருந்து தாத்தாவின் பெயரைத் தேடிப் பழைய ஞானஸ்நானப் பதிவுகளைப் புரட்டினாள். "அம்மா, இஞ்சை ஓடிவாங்கோ! ஆள் ஆம்பிட்டிட்டார்!" என்று அவள் கத்தியது இன்னும் காதில் நிற்கிறது. கிழவர் அழுதார். சந்தோஷத்தில் நானும் அழுதேன், மடைச்சி.

அவருக்குக் குடியுரிமை கிடைத்த அதே மாதம் மகளுக்குப் பதினெட்டு முடிந்தது. இங்கே பிறந்த பிள்ளை, அந்த வயதுவரை இடைவிடாமல் இங்கே வாழ்ந்திருந்தால் குடியுரிமை கேட்கலாம். நகரசபையில் இருந்த பெண் பதிவைப் பார்த்துவிட்டு, நடுவே இரண்டரை வருடம் பிள்ளை இங்கே இல்லையே என்றாள். அந்த இரண்டரை வருடமும் அவள் ஊரில், மன்னாரில், என் அக்காவிடம் இருந்தாள். மூன்று வயதில் நான்தான் கொண்டுபோய் விட்டேன். அப்போது கால்சாவிலேயே சினோரா என்று நான் கூப்பிட்ட இத்தாலியக்காரி ஒருத்தியின் வீட்டில் தங்கி வேலை. சினோராவின் மகளுக்கும் அதே வயது. அந்தப் பிள்ளைக்குச் சோறு தீத்துவதற்காக என் பிள்ளையை அனுப்பினேன். எங்கள் சனத்தில் பலர் அப்படித்தான் செய்தார்கள். "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானாய் வளருமடி" என்று அக்கா தேற்றினாள். மகள் வளர்ந்துதான் வந்தாள். ஆனால் அவளுடைய விண்ணப்பத்தை எடுக்கவில்லை.

சென்ற தேர்தலில் கிழவர் முதல்முறை வாக்களித்தார். வாக்காளர் அட்டையை வாசிக்கத் தெரியாமல் மகளைத்தான் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன். வாக்குச்சாவடி, அவள் ஐந்து வருடம் படித்த ஆரம்பப் பள்ளிக்கூடம். எந்த மாடி, எந்த அறை என்று வாசலில் நின்றே விரல் நீட்டிக் காட்டினாள். நீ வரவில்லையா என்று கிழவர் கேட்டார். பிறகு நினைவுவந்து, தலையைக் குனிந்துகொண்டு படியேறினார். அவரில் ஆத்திரப்பட்டு என்ன செய்ய, அனுப்பியது நான்.

"என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை" என்றேன்.

அவள் தெருவைப் பார்த்தபடியே சொன்னாள்: "நீங்கள் தீத்தி வளர்த்த பிள்ளை இப்பதான் வோட்டுப் போட்டிட்டுப் போறாள், அம்மா. உங்களுக்குப் பக்கத்தாலைதான் போனவள். அவளுக்கு உங்களை ஆரெண்டு தெரியேல்லைப் போலை."