நடுவில் நின்ற முட்டை

மூத்த அறிவியல் ஆசிரியருக்கு ஒரே வயிற்றெரிச்சல். அவர் அடர்த்தி நடத்தினால் வகுப்பே கொட்டாவி விடும். புதிதாக வந்த டீச்சர் உப்புத் தண்ணீரில் முட்டையை மிதக்கவிட்டால் பிள்ளைகள் கூரை பிய்ந்துபோகக் கத்துகிறார்கள்.

இடைவேளையில் அவர், டீச்சர் தயாராக வைத்திருந்த ஜாடியிலிருந்து பாதி உப்புத் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு, சத்தம் கேட்காதபடி குழாய்த் தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றி நிரப்பினார். முட்டை மூழ்கட்டும், அவள் மூக்கு உடையட்டும்!

மணி அடித்ததும் டீச்சர் முட்டையை இறக்கினார். அது மேலேயும் வராமல், அடியிலும் போகாமல் நடுவில் நின்றது.

டீச்சர் விழித்தார். வாசலில் ஈரச் சட்டைக்கையோடு நின்றவரைப் பார்த்தார்.

"கனமான உப்புத் தண்ணி கீழ, நல்ல தண்ணி மேல. கலக்காம ஊத்த எவ்வளவு பொறுமை வேணும்! சாருக்குக் கை தட்டுங்க!"

இத்தனை வருஷத்தில் அடர்த்திக்காக அவர் வாங்கிய முதல் கைதட்டல். அதுவும் அவள் வகுப்பில்.