டீச்சர் முடிக்காமல் விட்ட கதை

பக்கத்து ஃபிளாட்டில் இருக்கும் பெண்ணின் மகள் எட்டாவது படிக்கிறாள். அவள் பள்ளிக்கூடத்தில், குடிக்கப் பழகிய ஒரு பையனின் கதையை வாசிக்கச் சொல்லி, பாதியில் நிறுத்தி, இனி என்ன நடக்கும் என்று பிள்ளைகளைக் கேட்கிறார்களாம். "ஏக்தம் போர் பாட்டி" என்று சலித்துக்கொண்டாள். அவள் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான், இது நான் கேட்ட கதையாயிற்றே என்று நினைத்துக்கொண்டேன்.

தாராவியில் எங்களுக்கு இருந்தது ஒரே அறை. அந்த வருஷம் அம்மா பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள். அப்பாவுக்கு மில்லில் ராத்திரி ஷிஃப்ட். பகலெல்லாம் தூங்குவார், எழுந்ததும் குளித்துவிட்டுப் புறப்பட்டுவிடுவார். அண்ணனுக்குப் பதினைந்து வயது, தோல் கிடங்கில் வேலை. நான் நாலாவது படித்தேன். மூன்று பேர் ஒரே அறையில் இருந்தோம், அதிகம் பேசிக்கொண்டதாக நினைவே இல்லை. சாயங்காலம் சோறு பொங்கி வைத்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து, குழாயடியில் மற்றவர்கள் போடும் சண்டையைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்குக் கிடைத்த பேச்சு அது ஒன்றுதான்.

அண்ணன் அப்போது குடிக்கத் தொடங்கியிருந்தான். பம்பாயில் மதுவிலக்கு இருந்த காலம், அதனால் சாராயம் சந்துக்குச் சந்து கிடைத்தது. அதை சைக்கிள் டியூபில் நிரப்பிச் சட்டைக்குள் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுக்கப் பையன்களைத்தான் பிடிப்பார்கள். போலீஸ்காரன் பையன்களைத் தடவிப் பார்க்கமாட்டான். அண்ணனும் அப்படிச் சுமக்கப் போன இடத்தில்தான் குடிக்கப் பழகிக்கொண்டான். இதெல்லாம், ஈரல் கெட்டு அவன் இளவயதிலேயே போன பிறகு, வீட்டில் பேசக் கேட்டது. அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. அவன்மேல் வந்த புளித்த வாடையை, தோல் ஊறவைக்கும் ஆவாரம்பட்டையின் வாடை என்றே நினைத்தேன். எங்கள் சந்தில் எல்லா வீட்டு ஆம்பிளைகள் மேலும் அந்த வாடைதான். எந்த அம்மாவும் எதையும் மோந்து கண்டுபிடித்துவிட முடியாது.

எங்கள் டீச்சர் மாட்டுங்காவிலிருந்து வருவார். லேட்டாகச் சேர்ந்த, மீசை அரும்பிய பையன்கள் சிலர் எங்கள் வகுப்பில் இருந்தார்கள். ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்வந்த இரண்டு பேர் பெஞ்சிலேயே கண் சொருகிச் சாய்ந்துவிட்டார்கள். டீச்சர் பிரம்பை எடுக்கவில்லை. அந்த சனிக்கிழமை ஒரு கதை சொன்னார். ஒரு பையன் பெரியவர்களோடு சேர்ந்து குடிக்கப் பழகுகிறான். சாயங்காலமானால் கால் தானாக அந்தப் பக்கம் போகிறது. விட்டுவிட வேண்டும் என்று அவனுக்கே ஆசை, முடியவில்லை. அவ்வளவுதான்.

"மீதியை நீங்களே யோசிச்சுண்டு வாங்கோ. திங்கட்கிழமை கேட்பேன்" என்றார்.

எனக்கு யோசனையே வரவில்லை. சாயங்காலம் அண்ணன் வெளியே கிளம்பியபோது கதையை அவனிடம் சொன்னேன். ஒரு காலில் செருப்பு மாட்டியிருந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அவன யாரு பிடிச்சாவ?"

"யாரும் பிடிக்கல. யாருக்கும் தெரியாதுண்ணே."

"வீட்ல?"

"வீட்லயுந்தான்."

"பொறவு?"

"பொறவு நாமதான் சொல்லணுமாம். நீ சொல்லேன்."

"சாமி கண்ணக் குத்திட்டுன்னு சொல்லிரு" என்று சிரித்தான். பிறகு செருப்பையே பார்த்துக்கொண்டு, "அவனுக்கு ஒரு தங்கச்சி உண்டுன்னு வச்சுக்கோட்டி. அவன் கெளம்பையில, 'எங்கண்ணே போற, நானும் வாரேன்'னு அவ கேட்டுட்டா அவன் போவ மாட்டான். தங்கச்சியக் கூட்டிக்கிட்டு அங்க போவ முடியாதுல்லா? நாலு நாள் இப்படிக் கேட்டாப் போதும், விட்டுருவான்" என்றான்.

"இவ்வளவுதானா?" எனக்கு ஏமாற்றமாகிவிட்டது.

திங்கட்கிழமை ஒவ்வொருவராக எழுந்து கதையை முடித்தார்கள். ஒருத்தி பையனை ரத்தம் கக்கச் செய்தாள். ஒருவன் ரயில் முன்னால் தள்ளினான். என் முறை வந்தது.

"ஏலே, ஊமச்சி பேசப்போறா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சுவரைப் பார்த்துக்கொண்டே அண்ணன் சொன்னதை ஒப்பித்தேன். யாரும் சிரிக்கவில்லை. முன்பு பெஞ்சில் சாய்ந்த பையன்களில் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இதை யாருடி உனக்குச் சொன்னா?" என்றார் டீச்சர்.

"நானே யோசிச்சேன் டீச்சர்."

அவர் எல்லாரையும் கைதட்டச் சொன்னார். அதற்கு முன்னும் பின்னும் எனக்காக யாரும் கைதட்டியதில்லை.

சாயங்காலம் வரை அதைச் சொல்ல ஆளில்லாமல் வாயை அடக்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் வந்து, முகம் கழுவி, சட்டை மாற்றும்வரை விடாமல் சொன்னேன்.

"அப்படியா! வகுப்பு பூராவுமா தட்டிச்சு?" என்று கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டினான். வாசலில் நின்று, "அப்போ நான் போயிட்டு வரட்டா?" என்றான்.

"சரிண்ணே."

அவன் போகவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தபடி நின்றான். கைதட்டலைப் பற்றி மறுபடியும் கேட்க ஆசைப்படுகிறான் என்று நினைத்து, முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் இறங்கிப் போனான்.