வீபியா தரையில் உட்கார்ந்த நாள்

எந்த வீட்டுக்குப் பிரசவம் பார்க்கப் போனாலும், மூன்றாவது மாடியை எட்டுவதற்குள் வீபியா அந்தக் கட்டடத்தைக் கட்டியவனை, அவன் அப்பனை, அந்த அப்பனைப் பிரசவத்தில் எடுத்தவளை எல்லாம் வைது முடித்திருப்பாள். முதுகில் பிரசவ நாற்காலி, இடுப்பில் எண்ணெய்க் குடுவை, வாயில் பூண்டு. படி திரும்பும் இடத்தில் எல்லாம் நாற்காலியை இறக்கிப் போட்டு அதிலேயே உட்கார்ந்து இளைப்பாறுவாள். மேலே அலறல் கேட்டாலும் அசையமாட்டாள். "கத்துறாளா? நல்லது. கத்தாதவளுக்குத்தான் நான் ஓடணும்" என்பாள்.

ரோமில் தீபர் ஆற்றுக்கு அக்கரை முழுக்கத் தோல் ஊறும் தொட்டிகள். அந்த நாற்றத்தில் பிறந்தவர்களில் பாதிப் பேரை உலகத்துக்குக் கொண்டுவந்தவை அவள் கைகள்தாம். நகத்தைக் கத்தியால் வெட்டமாட்டாள், மணற்கல்லில் தேய்த்துக்கொள்வாள். கத்தி பிசிறு வைக்கும், பிசிறு தாயைக் கீறும் என்பது அவள் கணக்கு. ஒரு பெரிய வீட்டில் அடிமையாக இருந்தவள். எசமானிக்கு இரட்டைப் பிள்ளைகளைச் சேதமில்லாமல் எடுத்துக் கொடுத்ததற்குக் கிடைத்தது விடுதலை. ஐம்பது தாண்டிவிட்டது, உடம்பும் கனத்துவிட்டது. கையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முழங்கால்தான் சரியில்லை. தரையில் உட்கார்ந்தால் தூக்கிவிட இரண்டு ஆள் வேண்டும் என்பது அக்கரை முழுக்கத் தெரிந்த சங்கதி.

வீபியா கிறிஸ்துவின் கூட்டத்தைச் சேர்ந்தவள். அதையும் மறைக்கமாட்டாள். கொள்ளைநோய் வந்த வருடம் அவளும் படுத்தாள். கூட இருந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஊரைவிட்டு ஓடினார்கள். கீழ் வீட்டில் கம்பளி அலசும் எவோதியா என்ற கிரேக்கப் பெண் மட்டும் ஒன்பது நாள் வாற்கோதுமைக் கஞ்சி கொண்டுவந்து ஊட்டினாள். அதுவரை இருவரும் முகம் பார்த்துப் பேசியதில்லை. ஏன் வந்தாய் என்று வீபியா கேட்டதற்கு, எங்கள் ஆட்கள் இப்படித்தான் என்றாளாம். தேறி எழுந்ததும் அந்த ஆட்களைப் பார்க்கப் போனவள் பிறகு அவர்களை விடவே இல்லை. ஞாயிறுதோறும் விடியுமுன் ஒரு வண்ணான் வீட்டு மாடியில் கூடுகிறார்கள், பாடுகிறார்கள், அப்பம் பிட்டுப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஞாயிறன்று நின்றுகொண்டுதான் ஜெபிக்க வேண்டும். "முட்டி போடச் சொல்லாத சாமி. அதுக்காகவே சேரலாம்" என்று படியேறும் வீடுகளில் எல்லாம் சொல்லிவைப்பாள். அவள் சொல்லி வந்தவர்கள் அந்த மாடியில் பலர்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அந்தக் கூட்டத்தில் பச்சைக் குழந்தையை மாவில் புரட்டித் தின்கிறார்கள் என்று ஒரு பேச்சு. இரண்டாம் மாடி இலாராவுக்கு அதைச் சொல்லாவிட்டால் குழாயடியில் தண்ணீர் பிடிக்கத் தோன்றாது. ஒருநாள் வீபியாவின் முகத்துக்கு நேரேயே கேட்டுவிட்டாள். வீபியா கோபப்படவில்லை. "ஆமா. உன் மூணையும் அதுக்குத்தான் வெளிய எடுத்தேன். எலும்பும் தோலுமா இருந்துச்சு, வேணாம்னு விட்டுட்டேன்" என்றாள். குழாயடியே சிரித்தது.

பிரசவ அறையில் பெண்கள் லூசினா தேவியைக் கூப்பிடுவார்கள். வீபியா கூப்பிடமாட்டாள். அதற்காகச் சண்டைக்கும் போகமாட்டாள். "நீங்க உங்க ஆளைக் கூப்பிடுங்க, நான் என் ஆளைக் கூப்பிடுறேன். யாரு வந்தாலும் தண்ணி கொதிச்சிருக்கணும்" என்பாள்.

அவள் மனம் ஒப்பாத வழக்கம் ஒன்றே ஒன்று. கொடி அறுத்ததும் குழந்தையைத் தகப்பன் காலடியில், வெறுந்தரையில் கிடத்த வேண்டும். அவன் குனிந்து எடுத்தால் அது அவன் பிள்ளை. எடுக்காவிட்டால் கந்தையில் சுற்றி ஊர்க்கோடிக் குப்பைமேட்டில் வைத்துவிட வேண்டும். அதுவும் மருத்துவச்சி வேலை. இதை யாரும் பாவமாக நினைப்பதில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். அடிமையாக இருந்த காலத்தில் வீபியாவே எத்தனையோ முறை வைத்துவிட்டு வந்திருக்கிறாள். கூட்டத்தில் சேர்ந்த பிறகு, மற்ற மருத்துவச்சிகள் வைத்ததை விடியலில் போய் எடுத்துவர ஆரம்பித்தாள். அப்படி வந்த நான்கு பேர் எவோதியா வீட்டில் வளர்கிறார்கள். ஆனால் அங்கே நாய்களும் வரும், பிள்ளை பிடித்து விற்கிறவர்களும் வருவார்கள். போன குளிர்காலத்தில் ஒருநாள் அவள் பிந்திப்போனாள். அன்று எடுத்துவந்ததை வளர்க்கவில்லை, புதைத்தார்கள். மூன்று நாள் அவள் யாரோடும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததை அக்கரை பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அதனால்தான் இலாரா இருந்த கட்டடத்திலேயே மேல்மாடியில் குடியிருந்த தோல் தொழிலாளி சீலோவின் வீட்டில் அன்று அப்படி நடந்துகொண்டாள்.

சீலோ கெட்டவன் இல்லை. ஆனால் வீட்டில் ஏற்கெனவே இரண்டு பெண்கள். இந்த முறையும் பெண் என்றால் எடுக்கமாட்டேன் என்று படியிலேயே வழிமறித்துச் சொல்லிவிட்டான். வீபியா அவனை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். உச்சி வேளைக்கு அவன் மனைவி லூரியா பெற்றெடுத்தாள். பெண்.

வழக்கப்படி வீபியா குழந்தையைக் கொண்டுவந்து அவன் காலடியில் கிடத்தினாள். சீலோ சன்னலைப் பார்த்தான். குழந்தை வீரிட்டது. அவன் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். இனி கந்தையை எடுக்க வேண்டியது மருத்துவச்சி. வீபியா கந்தையை எடுக்கவில்லை. ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, கோதுமை மூட்டையை இறக்குவதுபோல் மெல்லத் தன்னை இறக்கி, குழந்தைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"என்னக்கா இது?" என்றான் சீலோ.

"இவ தனியா கீழ கிடக்கா. துணைக்கு உக்காந்தேன்."

"என் வீடுக்கா. நான் சொன்னா சொன்னதுதான்."

"உன் வீடுதான். இவளைத் தூக்குற உரிமை எனக்கில்ல, தெரியும். உக்கார்றதுக்கு யாரைக் கேக்கணும்?"

நேரம் போயிற்று. சுடுதண்ணீர் ஆறியது. பிரசவ நாற்காலியில் சாய்ந்திருந்த லூரியா அழவில்லை. கண் கொட்டாமல் புருஷனையே பார்த்தாள். வீபியா தரையில் உட்கார்ந்துவிட்டாள் என்ற சேதி மாடி மாடியாக இறங்கி, கேட்டவர்களை எல்லாம் மேலே கூட்டிவந்தது. வாசலில் முதல் ஆளாக இலாரா நின்றாள். மருத்துவச்சிக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று சீலோவைக் கேட்டாள்.

சீலோவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எந்திரிக்கா. சனம் பாக்குது."

"முடியலப்பா. முட்டி பூட்டிக்கிச்சு. கை குடு."

முட்டி நிஜமாகவே பூட்டிக்கொண்டதா என்பது அவளுக்கும் அவள் ஆண்டவருக்கும்தான் தெரியும். சீலோ வந்து குனிந்தான். அவளைத் தூக்க ஒரு கை போதாது. மணிக்கட்டு வரை தோல் பதனிடும் மரப்பட்டைச் சாறு ஏறிக் கறுத்திருந்த இரண்டு கைகளையும் நீட்டினான். வீபியா பக்கத்தில் கிடந்த குழந்தையை அள்ளி அந்தக் கைகளில் வைத்தாள்.

குனிந்தபடியே அவன் நின்றான். மறுபடி கிடத்திவிட்டால் கேட்பார் இல்லை. தகப்பன் உரிமை அது. குழந்தை அவன் மணிக்கட்டில் சிறுநீர் கழித்தது. மயிர் உதிர்வதற்காகக் காலையிலிருந்து மாலைவரை மூத்திரத் தொட்டியில் தோல் அலசுகிறவனுக்கு அது ஒன்றும் புதிதல்ல. அவன் உதடு கோணியது. மெல்ல நிமிர்ந்தான், குழந்தையோடு.

"தூக்கிட்டான்" என்றாள் இலாரா, வாசலில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி. அவள் சொல்லிவிட்டால் ஆற்றுக்கு இக்கரையிலும் தெரிந்த மாதிரிதான்.

லூரியா அப்போதுதான் அழுதாள். வீபியா இன்னும் தரையில்தான் இருந்தாள். யாராவது இரண்டு பேர் வாங்கடி என்று வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள். இலாரா உள்ளே ஓடிவந்து அவளுடைய ஒரு கையைப் பிடித்தாள். சீலோ மகளை இடது தோளில் சாய்த்துக்கொண்டு, ஈரமான வலது கையை இன்னொரு முறை வீபியாவிடம் நீட்டினான்.