தண்டம் போட்டுக் கட்டிய வீடு

பாயில் விரித்த சதுரக்கோட்டுக் கடதாசியும் அதன்மேல் குனிந்த, நாங்கள் காக்கா என்று கூப்பிடும் அண்ணனின் பிடரியும்தான், என் கல்யாணத்தை நினைத்தால் முதலில் வருகின்றன. எழுபதுகளின் கடைசி. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். வாப்பா கல் வாங்கிக் குவித்திருந்தார். கெம்பஸில் கணிதப் பட்டம் படித்துவிட்டு வந்த காக்காவோ, இருக்கிற கல்லுக்கும் வளவு நிலத்துக்கும் ஆகப் பெரிய வீடு எதுவென்று கணக்குப் பார்க்காமல் அத்திவாரம் வெட்ட விடமாட்டேன் என்று நின்றுவிட்டார்.

அந்தக் கணக்கு ஒரேயடியாக விடை தராது. ஓரிடத்தில் தொடங்கி, எந்தப் பக்கம் நகர்ந்தால் வீடு பெரிதாகும் என்று பார்த்து அடியடியாகப் போக வேண்டும். வேலியைத் தாண்டினாலோ கல் போதாமல் போனாலோ வீட்டின் அளவிலிருந்து தண்டமாக ஓர் எண்ணைக் கழிப்பார். தண்டம் சிறிதென்றால் விடை வேலிக்கு அப்பால் போய் நிற்கும். தண்டத்தைக் கூட்டித் திரும்பவும் செய்தால் கொஞ்சம் உள்ளே வரும். இன்னும் கூட்டினால் இன்னும் கொஞ்சம். இப்படியே ஆறு கிழமை, ஒன்றரை மாதம் போனது.

“தெண்டத்தக் கடதாசில போடாத மகன். வேலியில ஒரு முழம் போனா பக்கத்து ஊட்டுக்காரன் நேர வந்து போடுவான்,” என்று உம்மா ஏசினார். “மாப்புள ஊட்டார் வேற புள்ள பாக்கப் போறாங்களாம்.”

“இன்னும் ரெண்டு தரம் உம்மா, கிட்ட வந்திட்டு.”

ஒருவழியாக விடை வந்தது. சோறு வைக்கப் போனபோது எட்டிப் பார்த்தேன். அடுக்களையிலிருந்து கிணற்றடிக்குப் போக, ஆம்பிளைகள் இருக்கும் விறாந்தைக்கு முன்னால்தான் நடக்க வேண்டும். ஆயுசுக்கும் அங்கே வாழப்போகிறவள் நான். ஆனாலும் கல்யாணப் பெண் வீட்டைப் பற்றி வாய் திறப்பதா என்று மூன்று நாள் விழுங்கிக்கொண்டு இருந்தேன். அத்திவாரத்துக்குக் கயிறு கட்டிய காலையில்தான் பொறுக்க முடியாமல் போய்க் கயிற்றைப் பிடித்தேன்.

“இதால நான் எப்புடிக் காக்கா குளிக்கப் போற?”

“இத முந்தியே செல்லியிருந்தா கணக்குல போட்டிருப்பனே புள்ள!”

“நீங்க கேக்கல்லயே.”

அவர் கடதாசியைத் திரும்ப விரித்தார். என் வழிக்கும் ஒரு தண்டம் சேர்த்து, பழைய விடையிலிருந்தே தொடங்கி, அன்று மாலை அசர் தொழுகைக்குள் முடித்துவிட்டார். கிணற்றுக்குப் பின்பக்கமாக வழி வந்தது, விறாந்தை இரண்டடி குறைந்தது. மாப்பிள்ளை வீட்டார் முகத்தைச் சுளித்தார்கள். ஆனால் வந்தார்கள்.

இப்போது வீட்டுக்குள்ளேயே குழாய்த் தண்ணீர். கிணற்றை மூடியாயிற்று. எரிச்சல் மட்டும் தீரவில்லை. வேலிக்கும் கல்லுக்கும் தண்டம் எழுதிய மனிசருக்கு, பத்தடி தள்ளி நின்று சோறாக்கிய என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே. கயிறு கட்டும்வரை வாயைத் திறக்காமல் இருந்த என் மேலும்தான் எரிச்சல்.